வெள்ளையரல்லாத பெண்களுக்கான தொழில்துறை விருது: நடுவர்களாக யாரை அழைப்பது, எப்படி மார்க் போடச் சொல்வது?

விழாக்குழு_செயலர் கேட்டது:

வணக்கம். பிரிட்டனில் வேலை பார்க்கிற, தொழில் நடத்துகிற வெள்ளையரல்லாத பெண்களுக்கான விருது இது. கறுப்பினத்தவர், தெற்காசியர், கிழக்காசியர், அரபுப் பெண்கள், கலப்பினத்தவர் எல்லோரும் அடக்கம். பொறியியல், நிதி, சட்டம், மருத்துவம், பொதுத்துறை, சொந்தத் தொழில் என 6 பிரிவுகள். பிரிவுக்கு 30 வீதம் 180 விண்ணப்பங்கள் வரும் என்று எதிர்பார்க்கிறோம். நடுவர்கள் 15 பேர் வரை.

குழுவுக்குள் மூன்று விஷயத்தில் இழுபறி. நடுவர்கள் எல்லோருமே வெள்ளையரல்லாத பெண்களாகத்தான் இருக்க வேண்டுமா, பெரிய நிறுவனத் தலைவர்கள் யாரானாலும் சேர்க்கலாமா? பெயரை மறைத்துவிட்டுப் படிக்கக் கொடுக்கலாமா? மார்க்கைக் கூட்டி முதலில் வருகிறவருக்கே கொடுத்துவிடுவதா, உட்கார்ந்து பேசி முடிவெடுப்பதா? போதாக்குறைக்கு முக்கிய ஸ்பான்சர் தங்கள் ஆள் ஒருவரை நடுவராகப் போடச் சொல்கிறார்கள். இதெல்லாம் நடத்திப் பழகியவர்கள் கொஞ்சம் விவரமாகச் சொல்லுங்கள்.

ஐந்தாம்_நாற்காலி:

ஆள் கணக்குக்கு முன்னால் மணிக்கணக்கைப் பாருங்கள். ஒரு விண்ணப்பத்தை ஒழுங்காகப் படித்து மார்க் போட 15 நிமிடம் ஆகும். 180-ஐயும் எல்லோரும் படிப்பது என்றால் தலைக்கு 45 மணி நேரம். வேலையில் இருக்கிற யாரும் இதைச் செய்யப் போவதில்லை. முதல் முப்பதைக் கவனமாகப் படிப்பார்கள், மீதிக்குத் தலைப்பைப் பார்த்து மார்க் விழும். இல்லையென்றால் வேலை சத்தமில்லாமல் உதவியாளர் மேசைக்குப் போய்விடும்.

உங்கள் எண்ணிக்கைக்கு இப்படிப் பிரியுங்கள்: பிரிவுக்கு 5 நடுவர், ஒருவருக்கு 2 பிரிவு, ஒரு விண்ணப்பத்தை 3 பேர் படிப்பது. அப்போது தலைக்கு 36 விண்ணப்பம், 9 மணி நேரம். இறுதிச் சுற்றுக்குப் பிரிவுக்கு 5 பேர் வந்தால் அந்தப் பத்தை மறுபடி படிக்க இரண்டரை மணி. கூட்டங்கள் இரண்டு, ஒவ்வொன்றும் 2 மணி. ஆக மொத்தம் இரண்டு முழு வேலை நாள். அழைப்புக் கடிதத்தில் இதை அப்படியே எழுதி, கூட்டத் தேதிகளையும் போட்டுவிடுங்கள். "நேரமில்லை, பெயரை மட்டும் போட்டுக்கொள்ளுங்கள்" என்று பதில் வந்தால் அவரை விருதுத் தூதர் ஆக்குங்கள், மேடையில் பேசட்டும். நடுவர் பட்டியலில் மட்டும் வேண்டாம். படிக்காத நடுவரின் பெயர் சுவரொட்டியில் இருப்பது விண்ணப்பித்தவரை ஏமாற்றுவதுதான்.

யாரை அழைப்பது என்ற கேள்விக்கு என் பதில்: எல்லோரும் அப்படி இருக்க வேண்டியதில்லை, பெரும்பான்மை இருந்தே ஆக வேண்டும். ஒவ்வொரு பிரிவின் ஐவரில் மூவராவது வெள்ளையரல்லாத பெண்கள். ஐவரில் இருவராவது அதே துறையில் கைப்பழக்கம் உள்ளவர்கள். இரண்டு வட்டமும் ஒன்றின் மேல் ஒன்று விழுந்தால் நல்லது. "ஒரு கறுப்பின ஆண், இரண்டு வெள்ளைப் பெண்கள் இருக்கிறார்களே, எல்லாம் அடங்கிவிட்டதே" என்று குழுவில் யாராவது சொல்வார்கள். அதற்குப் பதில் 1976-லேயே இருக்கிறது. அமெரிக்காவில் ஐந்து கறுப்பினப் பெண்கள் ஜெனரல் மோட்டார்ஸ் மேல் போட்ட வழக்கில், இனமும் பாலினமும் சேர்ந்து விழும் அடியைத் தனியாகப் பார்க்க நீதிமன்றம் மறுத்துவிட்டது. பெண்களை வேலைக்கு எடுத்திருந்தார்களே என்றது. எடுக்கப்பட்டவர்கள் வெள்ளைப் பெண்கள். இந்தத் தீர்ப்பைப் பிரித்துக் காட்டித்தான் 1989-இல் சட்டப் பேராசிரியர் கிம்பர்லே கிரென்ஷா 'இன்டர்செக்‌ஷனாலிட்டி' என்ற சொல்லையே, அதாவது இப்படிச் சேர்ந்து விழும் அடிக்கான பெயரையே, முன்வைத்தார். நடுவர் குழுவிலும் அதே ஓட்டைதான் விழும்.

இன்னொன்று. 'வெள்ளையரல்லாதவர்' என்பதற்குள்ளேயே ஒரு கூட்டம் இன்னொன்றை மூடிவிடும். நிதிப் பிரிவுக்கு ஐந்து பேரும் இந்திய வம்சாவளி என்று அமைந்தால் அது தற்செயலாகவே இருக்கலாம், ஆனால் முடிவைப் பார்க்கிறவர்கள் அப்படி எடுத்துக்கொள்ள மாட்டார்கள்.

சன்மானம் கொடுங்கள். இந்தப் பெண்களிடம்தான் எல்லா நிறுவனமும் பன்முகத்தன்மைக் குழு, வழிகாட்டித் திட்டம் என்று சும்மா வேலை வாங்குகிறது. அவர்களைக் கொண்டாடும் விருதும் அதையே செய்தால் கேலிக்கூத்து. தொகை சின்னதாக இருந்தாலும் எல்லோருக்கும் ஒரே தொகை, பயணச்செலவு தனி. வேண்டாம் என்கிறவர்கள் திருப்பித் தரட்டும்.

படிக்க மூன்று வாரம் கொடுங்கள், பத்தாம் நாள் ஒரு நினைவூட்டல். இரண்டு பேரைக் கையிருப்பில் வையுங்கள், எப்படியும் ஒருவர் கடைசி வாரம் கழன்றுகொள்வார்.

எக்செல்_ஏகாம்பரம்:

மேலே சொன்ன கணக்கு சரி. அதிலேயே ஒரு நல்ல விஷயம் ஒளிஞ்சிருக்கு. 5 நடுவர்லேர்ந்து 3 பேரைத் தேர்ந்தெடுக்க 10 விதம். 30 விண்ணப்பத்தை அந்தப் பத்துக்கும் மூணு மூணாப் பிரிச்சுக் கொடுத்தா, ஒவ்வொருத்தருக்கும் சரியா 18 வரும், எந்த இரண்டு நடுவரை எடுத்தாலும் 9 விண்ணப்பம் பொதுவா இருக்கும். இது ஏன் முக்கியம்னா, ஒரு நடுவர் தாராளம், இன்னொருத்தர் கஞ்சம். ஒருத்தரோட சராசரி 4.6, இன்னொருத்தரோடது 3.1. தாராளக்காரங்க மூணு பேர் கையில மாட்டின விண்ணப்பம் சும்மாவே மேல வந்துடும். கலந்து கொடுத்தா இது பாதி அடங்கும். மீதிக்கு, ஒவ்வொருத்தர் போட்ட மார்க்லேர்ந்தும் அவங்க சொந்தச் சராசரியைக் கழிச்சிட்டு அப்புறம் கூட்டுங்க. 18 விண்ணப்பம் இருக்கிறப்ப இதைச் செய்யலாம். இறுதிச் சுற்றுல அஞ்சுதான் இருக்கும், அங்க செய்யாதீங்க, சராசரிக்கு அர்த்தமே இருக்காது.

வெறும் கூட்டலை நம்பாதீங்க. இறுதிச் சுற்றுல பத்துக்கு மார்க், அஞ்சு நடுவர்னு வைங்க:

முதல் பெண்: 8, 8, 9, 8, 2. மொத்தம் 35.
இரண்டாம் பெண்: 7, 7, 7, 7, 8. மொத்தம் 36.

அஞ்சுல நாலு பேர் முதல் பெண்தான் மேல்னு சொல்லியிருக்காங்க. ஒரே ஒருத்தர் 2 போட்டதால அவங்க தோத்துட்டாங்க. அதிகபட்சத்தையும் குறைஞ்சபட்சத்தையும் தள்ளிட்டா முதல் பெண்ணுக்கு 24, இரண்டாமவருக்கு 21. 2002 ஒலிம்பிக்ல நடுவர் ஊழல் வெடிச்ச பிறகு ஃபிகர் ஸ்கேட்டிங்ல 2004-இல் கொண்டுவந்த முறையிலயும் இந்த வெட்டு உண்டு. ஆனா அந்த 2-ஐத் தூக்கிப் போட்டுட்டு மறந்துடாதீங்க. ஏன் 2 போட்டாங்கன்னு கேளுங்க. வஞ்சமா இருக்கலாம், மத்த நாலு பேரும் கவனிக்காத ஒரு பொய்யைப் பிடிச்சிருக்கவும் செய்யலாம்.

முதல் சுற்றுல மூணு பேர்தான், அங்க வெட்டு வேண்டாம். பெரிய மார்க்குக்கும் சின்ன மார்க்குக்கும் இடையே 2-க்கு மேல வித்தியாசம்னா நாலாவது ஆள்கிட்ட அனுப்புங்க.

அளவுகோல் 1 முதல் 6 வரை வைங்க. பத்துக்குப் போடச் சொன்னா முக்கால்வாசி 7-லயும் 8-லயும் வந்து குந்தும். அஞ்சுக்குன்னா எல்லாரும் 3. ஆறுல நடுவுல ஒளிய இடம் கிடையாது. ஒவ்வொரு எண்ணுக்கும் ஒரு வரி விளக்கம் எழுதணும். உதாரணமா '2: பொறுப்புகளைப் பட்டியலிடுகிறார், விளைவு எதுவும் இல்லை', '4: விளைவு உண்டு, அதில் அவர் பங்கு எது என்று தெரிகிறது', '6: விளைவு வெளியாளால் உறுதியானது, அவர் போன பிறகும் நிற்கிறது'. படிக்க ஆரம்பிக்கிறதுக்கு முன்னாடி முதல் கூட்டத்துல மாதிரி விண்ணப்பம் மூணை எல்லாரும் தனித்தனியா மார்க் போட்டு ஒரே நேரத்துல திறந்து காட்டணும். ஒரே தாளுக்கு ஒருத்தர் 2, ஒருத்தர் 5 போட்டிருப்பாங்க. அந்தச் சண்டையை அங்கயே முடிச்சிடுங்க.

சிவப்புப்பேனா:

பெயரை மறைப்பது பற்றி. இசைக்குழுத் தேர்வில் திரை போட்டுக் கேட்பது போல இங்கே செய்ய முடியாது. விண்ணப்பிப்பவர் யார் என்பதுதான் விருதின் அடிப்படையே. முழுதாக மறைத்தால் 'நைஜீரியப் பெண் மருத்துவர்கள் சங்கத்தை நிறுவினார்' என்ற வரியையும் அடிக்க வேண்டி வரும், சாதனையே காணாமல் போகும். ஆனால் முதல் சுற்றில் நான்கை மறைக்கலாம்: புகைப்படம், குடும்பப் பெயர், படித்த பல்கலைக்கழகம், நிறுவனத்தின் பெயர். நிறுவனத்துக்குப் பதில் 'ஐந்தாயிரம் பேருக்கு மேல் வேலை செய்யும் வங்கி' என்று போதும். பெரிய பிராண்டின் வெளிச்சத்தில் சுமாரான வேலையும் பளபளக்கும்.

குடும்பப் பெயரை ஏன் சொல்கிறேன் என்பது இங்கே படிக்கிற பலருக்குப் புரியும். தெற்காசிய நடுவர் ஒருவர் தெற்காசிய விண்ணப்பத்தைக் கையில் எடுத்தால், பெயரைப் பார்த்ததும் ஊர், சாதி என்று மனசுக்குள் ஒரு கணக்கு ஓடிவிடும். வெள்ளைக்கார நடுவருக்கு அது கண்ணிலேயே படாது. 'நம் பக்கத்துப் பெண்ணா' என்பதும் பாரபட்சம்தான்.

அடுத்து பரிந்துரைக் கடிதம். 2003-இல் வந்த ஓர் ஆய்வில், அமெரிக்க மருத்துவக் கல்லூரி ஒன்றில் பேராசிரியர் பணிக்கு வந்த 300-க்கும் மேற்பட்ட பரிந்துரைக் கடிதங்களை ஒப்பிட்டார்கள். பெண்களுக்கான கடிதங்கள் நீளம் குறைவு, ஐயத்தை எழுப்பும் சொற்கள் அதிகம், ஆராய்ச்சியைவிட உழைப்பைப் புகழ்வது அதிகம். உங்களுக்கு வரும் தாள்களும் அப்படித்தான் இருக்கும். 'அர்ப்பணிப்பு மிக்கவர், கடும் உழைப்பாளி, எப்போதும் சிரித்த முகம்' என்று மேலாளர் எழுதியிருப்பார். அதைப் படித்து நடுவர் 3 போடுவார். தப்பு அந்தப் பெண்மேல் இல்லை, கடிதம் எழுதியவர்மேல். ஆகவே கடிதத்துக்கு மார்க் வைக்காதீர்கள். படிவத்தில் நேரடியாகக் கேளுங்கள்: என்ன மாறியது, எவ்வளவு, எந்தக் காலத்தில், நீங்கள் இல்லாவிட்டால் நடந்திருக்குமா, இதை உறுதி செய்யக்கூடியவர் யார். ஒவ்வொன்றுக்கும் 150 சொல். இப்படிக் கேட்டால் விளம்பர நிறுவனமோ சாட்ஜிபிடியோ எழுதிக் கொடுக்கும் சர்க்கரைப் பாகும் தானாக வடிந்துவிடும். தாமே விண்ணப்பிக்கவும் அனுமதியுங்கள். மேலாளர் பரிந்துரைத்தால்தான் உண்டு என்றால், நல்ல மேலாளர் வாய்த்தவர்களுக்கு மட்டும்தான் விருது.

கடைசியாக, எனக்கு மிக எரிச்சல் தரும் விஷயம்: 'நீங்கள் சந்தித்த தடைகள் என்ன' என்று கேட்டு அதற்கு மார்க் போடுவது. இது துயரப் போட்டியாக மாறிவிடும். யார் அதிகம் அழவைத்தாரோ அவர் முதலில் வருவார். தன் வலியைச் சபையில் வைக்க விரும்பாத பெண் தோற்பார். அந்தக் கேள்வியே வேண்டாம்.

எதிர்க்கட்சி:

மற்றதெல்லாம் சரி, கடைசிப் பத்தியை மட்டும் ஏற்க முடியாது. தடையைப் பார்க்காமல் விளைவை மட்டும் பார்த்தால், பெரிய பட்ஜெட்டும் இருபது பேர் அணியும் கையில் இருந்தவர்தான் எப்போதும் ஜெயிப்பார். பொதுவான விருதுகளில் நடப்பது அதுதானே, பிறகு தனியாக ஒரு விருது எதற்கு?

கேள்வியை மாற்றிக் கேட்டால் போதும். தடை என்ன என்று கேட்காமல், 'இந்த வேலைக்கு உங்களிடம் இருந்தவை என்ன: ஆட்கள், பணம், அதிகாரம், காலம்' என்று கேளுங்கள். முழுநேரமா பகுதிநேரமா, தகுதித் தேர்வை இந்த நாட்டில் மறுபடி எழுத வேண்டியிருந்ததா என்பதெல்லாம் அதில் தானாக வரும். இரண்டு பேருடன் செய்ததும் இருபது பேருடன் செய்ததும் ஒன்றில்லை என்பதை நடுவர் அதிலிருந்தே பிடித்துக்கொள்வார். யாரும் கண்ணீர் சிந்த வேண்டியதில்லை.

எடையும் சொல்லிவிடுகிறேன்: விளைவு 40, கையிலிருந்த வசதியோடு ஒப்பிட்ட கடினம் 25, பிறரை மேலே தூக்கிவிட்டது 20, ஆதாரத்தின் உறுதி 15. 'பிறரைத் தூக்கிவிட்டது' 20-ஐத் தாண்ட வேண்டாம். தாண்டினால், சும்மா செய்த சேவையை எண்ணிக்கொண்டிருப்பீர்கள், தொழில் திறமை பின்னுக்குப் போகும்.

சிவப்புப்பேனா:

வசதி பற்றிய கேள்வி நல்ல யோசனை. அதை ஏற்கிறேன். 25 கொஞ்சம் அதிகம், 20 போதும். அந்த 5-ஐ ஆதாரத்துக்குக் கொடுங்கள்.

பிரிவு_158:

பிரிட்டனில் நடத்துவதால் சட்டப் பக்கம் சில விஷயங்கள்.

விருதை ஒரு சாராருக்கு மட்டும் ஒதுக்குவதற்கு 2010 சமத்துவச் சட்டத்தின் 158-ஆம் பிரிவின் மேல்தான் பொதுவாகச் சாய்ந்து நிற்பார்கள். அந்தச் சாரார் பின்தங்கியிருக்கிறார்கள், அல்லது அந்தத் துறையில் பங்கேற்பு மிகக் குறைவு என்று நியாயமாகக் கருத இடம் இருக்க வேண்டும், எடுக்கும் நடவடிக்கையும் அளவோடு இருக்க வேண்டும். அந்தக் காரணத்தைத் துறைவாரியாக ஒரு பக்கத்தில் எழுதிக் கோப்பில் வையுங்கள். கேள்வி வந்த பிறகு எழுதினால் பலனில்லை. எழுதியதை வழக்கறிஞர் ஒருவரிடம் காட்டிவிடுங்கள்.

யார் தகுதியுள்ளவர் என்பதை விண்ணப்பிப்பவரே சொல்லட்டும், அலுவலகம் பதியட்டும். நடுவர் அதற்குள் நுழையவே கூடாது. கலப்பினப் பெண் ஒருவரின் படத்தைப் பார்த்து 'பார்த்தால் அப்படித் தெரியவில்லையே' என்று ஒரு நடுவர் கேட்டுவிட்டால், அந்த ஒரு வாக்கியம் விருதின் பெயரைக் கெடுத்துவிடும். 'பேம்' (கறுப்பினத்தவர், ஆசியர், சிறுபான்மை இனத்தவர் என்பதன் ஆங்கிலச் சுருக்கம்) என்ற சொல்லையும் படிவத்தில் போடாதீர்கள். அரசு அமைத்த ஆணையமே 2021-இல் அதைக் கைவிடச் சொன்னது. குழுக்களைப் பெயர் சொல்லியே எழுதுங்கள்.

இனம் பற்றிய தகவல், ஜிடிபிஆர் என்ற தகவல் பாதுகாப்புச் சட்டத்தின் 9-ஆம் விதிப்படி சிறப்பு வகைத் தகவல். ஆகவே தனிப் பெட்டி, தனி ஒப்புதல், எப்போது அழிப்பீர்கள் என்ற தேதி. நடுவர்களுக்கு அந்தப் பத்தி போகவே வேண்டாம்.

பலர் கோட்டைவிடும் இடம் இது: நடுவர் எழுதும் குறிப்புகள். ஒருவரைப் பற்றி எழுதப்பட்ட கருத்து அவருடைய தனிப்பட்ட தகவல். தேர்வாளர் விடைத்தாளில் எழுதும் குறிப்பும் தேர்வு எழுதியவரின் தகவலே என்று 2017-இல் ஐரோப்பிய நீதிமன்றம் நோவாக் வழக்கில் சொல்லிவிட்டது. விண்ணப்பித்தவர் கேட்டால் பொதுவாக ஒரு மாதத்துக்குள் கொடுக்க வேண்டும். அரசர் வழங்கும் பட்டங்களுக்கு விலக்கு உண்டு, உங்கள் விருதுக்குக் கிடையாது. ஆகவே நடுவர்களுக்கு ஒரே விதி: அந்தப் பெண் பக்கத்தில் உட்கார்ந்து படித்தாலும் கூசாத வாக்கியத்தை மட்டும் எழுதுங்கள். வாட்ஸ்அப் குழுவில் அடிக்கும் கமெண்டும் இதில் சேர்த்தி, அந்தக் குழுவையே தொடங்காதீர்கள்.

விழாக்குழு_செயலர்:

எல்லோருக்கும் நன்றி. மார்க்கா, பேச்சா என்பது மட்டும் இன்னும் தெளியவில்லை. ஸ்பான்சர் விவகாரமும் நிற்கிறது. இன்னொரு சிக்கல், இந்த வட்டத்தில் எல்லோருக்கும் எல்லோரையும் தெரியும். தெரிந்தவர்களை எல்லாம் விலக்கினால் நடுவரே மிஞ்ச மாட்டார்களே?

ஐந்தாம்_நாற்காலி:

தெரிந்திருப்பது குற்றமில்லை, அதில் ஆதாயம் இருக்கிறதா என்பதுதான் கேள்வி. கோட்டை முன்கூட்டியே கிழித்துவிடுங்கள்: உறவினர், கடந்த 3 ஆண்டில் மேலாளர் அல்லது கீழ்ப் பணியாற்றியவர், வழிகாட்டி, பணம் போட்டவர், பரிந்துரை எழுதியவர். இவர்கள் விலக வேண்டும். கருத்தரங்கில் கைகுலுக்கியவர், லிங்க்ட்இன்னில் இருப்பவர் விலக வேண்டாம், அறிவித்தால் போதும். விண்ணப்பத்தைக் கொடுப்பதற்கு முன் பெயரும் நிறுவனமும் மட்டும் உள்ள பட்டியலை அனுப்பி 48 மணி நேரத்தில் அறிவிக்கச் சொல்லுங்கள். அதன் பிறகே தாள்களைப் பிரியுங்கள். முதல் சுற்றில் பெயர் மறைப்பதோடு இது முட்டுமே என்று கேட்கலாம். 30 பெயரில் எது எந்தத் தாள் என்பது தெரியாது, ஓரளவுக்குத் தாங்கும்.

விலகுவது என்றால் அந்தப் பெயர் பேசப்படும்போது கூட்டத்தைவிட்டு வெளியே போவது. மைக்கை மட்டும் அணைத்துவிட்டு முகத்தைக் காட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தால் மற்றவர்கள் அடக்கித்தான் பேசுவார்கள். அவர் இடத்தைக் காலியாக விட்டு, மீதி நால்வரின் சராசரியை எடுங்கள். பூஜ்யம் போட்டுக் கூட்டிவிடும் எக்செல் தாள்கள் உண்டு, அதை ஒருமுறை சரிபாருங்கள்.

மார்க்கும் வேண்டும், பேச்சும் வேண்டும், வரிசை முக்கியம். கூட்டத்துக்கு முந்தின நாள் மாலைக்குள் எல்லோரும் மார்க்கை அனுப்பிவிட வேண்டும், அந்தத் தாளைப் பூட்டிவிட வேண்டும். கூட்டத்தில் அட்டவணையைத் திறந்து, முதலிரண்டு பேர் நெருங்கி நிற்கும் பிரிவுகளை மட்டும் பேசுங்கள். அனுபவம் குறைந்தவர் முதலில் பேச வேண்டும், தலைவர் கடைசியில். தலைவர் முதலில் வாயைத் திறந்தால் மீதி நால்வரும் எதிரொலிதான். யாராவது மார்க்கை மாற்றினால் ஒரு வரியில் காரணம் எழுதட்டும்.

சமநிலை வந்தால் என்ன செய்வது என்பதை இப்போதே எழுதி வையுங்கள். 2019 புக்கர் பரிசில் ஒருவருக்குத்தான் கொடுக்க வேண்டும் என்ற விதி இருந்தும், ஐந்து நடுவர்களும் மணிக்கணக்காக விவாதித்துவிட்டு விதியை மீறி இருவருக்குப் பிரித்தார்கள். அந்த ஆண்டுதான் முதல்முறையாக ஒரு கறுப்பினப் பெண் அந்தப் பரிசை வென்றார். 50,000 பவுண்டில் அவருக்கு வந்தது பாதி. உங்கள் மேடையில் பாதி விருது யார் கைக்குப் போகிறது என்று எல்லோரும் கவனிப்பார்கள். பகிர்வு இல்லை, முதல் சுற்றுச் சராசரி அதிகம் உள்ளவருக்கே என்று ஒரே வரி போதும்.

ஸ்பான்சர்: ஓர் ஆள் வரட்டும், ஆனால் அவர்கள் பணம் கட்டும் பிரிவில் வேண்டாம், அவர்கள் ஊழியர் போட்டியிடும் பிரிவிலும் வேண்டாம். ஒரு ஓட்டு, தடுப்பு அதிகாரம் கிடையாது, முடிவு முன்கூட்டித் தெரியாது. இதை ஒப்பந்தத்திலேயே எழுதுங்கள், காசு வந்த பிறகு சொல்ல முடியாது. மறுத்தால் அவர்களுக்கு மேஜையும் பேனரும் கொடுங்கள், நாற்காலி வேண்டாம்.

குழு மறந்தே போகும் ஒன்று: இறுதிப் பட்டியலில் உள்ள 30 பேரிடமும் தங்கள் பெயரைத் தாங்களே சொல்லிப் பத்து வினாடி ஒலிப்பதிவு கேட்டு வாங்குங்கள். மேடையில் அறிவிக்கும் நடுவர் அதைக் கேட்டுப் பழகட்டும். உறையைப் பிரித்ததும் 'இதை எப்படிச் சொல்வது என்று தெரியவில்லை' என்ற அசட்டுச் சிரிப்பை அந்தப் பெண்கள் அலுவலகத்திலேயே போதுமான அளவு பார்த்தாயிற்று. பதிவு கேட்கும் மெயிலில் ஜெயித்தவர் யார் என்பதற்கான சாடை எதுவும் இல்லாமல், 30 பேருக்கும் ஒரே நாளில், ஒரே வாசகத்தில் அனுப்புங்கள்.